மஞ்சள் இலைக்கு முட்டைக்கோது மருந்தல்ல



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இந்த ஒரு விசயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: புத்தளத்தில் வீட்டுக்குள் வைத்திருக்கும் பூச்சாடிகளுக்கு முட்டைக்கோது, அடுப்புச் சாம்பல், டொலமைற், சுண்ணாம்பு, அப்பச்சோடா எதுவும் போடாதீர்கள். உங்கள் கிணறு அந்த வேலையைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

நேரமுள்ளவர்கள் முழுவதையும் வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். பதில் தருகிறேன்.

நமதூர் வட்சப் குழுமங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. "இலை மஞ்சளாகுதா? மண் புளிச்சுப் போச்சு. முட்டைக்கோது, சாம்பல் போடுங்க. ஒரே வாரத்தில் பச்சையாகும்." கூடவே ஒரு வீடியோ. யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, ஒரு சாடியில் வெள்ளைத் தூளைத் தூவுகிறார். அடுத்த காட்சியில் பளபளவென்று ஒரு செடி. அது அதே செடியா என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் "மாஷா அல்லாஹ், பயனுள்ள தகவல்" என்று எழுதுகிறார். நாற்பது பேர் பகிர்கிறார்கள். அடுத்த வாரம் நமதூரில் எத்தனை அந்தூரியத்தின் தலையில் முட்டைக்கோது விழுகிறதோ தெரியாது.

பிறகு ஒரு மாதத்தில் அதே குழுமத்தில் கேள்வி: "எல்லாம் போட்டேன், இன்னும் மஞ்சளாகத்தான் வருது, வேற என்ன போடலாம்?" உடனே பத்துப் பேர் பத்து மருந்து சொல்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், சாடி சீமெந்தா மண்ணா, மஞ்சளாவது புது இலையா பழைய இலையா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியரிடம் நீங்கள் பிள்ளையைக் கொண்டுபோவீர்களா?

"மண் புளித்துப் போச்சு" என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

மண்ணின் அமிலத்தன்மையை பீஎச் பெறுமானத்தால் சொல்கிறோம். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம். அதாவது 6 உள்ள மண்ணைவிட 5 உள்ள மண்ணில் அமிலத்தன்மை பத்து மடங்கு கூட. வீட்டுக்குள் வளர்க்கும் அந்தூரியம், மணி பிளான்ட், பன்னம் போன்ற செடிகளில் பெரும்பாலானவை 5.5க்கும் 6.5க்கும் இடைப்பட்ட, இலேசாகப் புளித்த மண்ணைத்தான் விரும்புகின்றன. ஆக, கொஞ்சம் புளிப்பு என்பது நோயல்ல. செடிக்கு அதுதான் தேவை.

அப்படியானால் அந்த வீடியோக்காரர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவருடைய ஊரில் அது உண்மையாக இருக்கலாம். கண்டி, இரத்தினபுரி, காலிப் பக்கமெல்லாம் வருடம் முழுக்க மழை கொட்டி மண்ணிலிருக்கும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அங்குள்ள மண் அமில மண். தேயிலை 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட பீஎச்சில் அருமையாக வளரும் பயிர். அதனால்தான் அது அங்கே இருக்கிறது, நம்மிடம் இல்லை. அங்கே ஒரு காய்கறிப் பாத்திக்கு டொலமைற் போடச் சொன்னால் நல்ல ஆலோசனை. அதே ஆலோசனையைப் புத்தளத்தில் ஒரு பூச்சாடிக்குச் சொன்னால் பிரஷர் கூடியவருக்கு உப்புக் கரைசல் கொடுத்த மாதிரி.

ஏன்? நாம் எதன்மேல் குடியிருக்கிறோம் என்று ஒருமுறை யோசியுங்கள். அருவாக்காட்டில் கல் வெட்டி பாலாவியில் சீமெந்து செய்கிறார்களே, அது என்ன கல்? சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல் படுகை புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை போகிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து குடியேறிய நமது மக்களுக்கு இது தெரிந்த தண்ணீர்தான். அங்கேயும் கேத்தலில் வெள்ளை பிடித்தது, இங்கேயும் பிடிக்கிறது.

அந்த வெள்ளை என்ன? மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் அது கல்சியம் இருகாபனேற்றாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறி, சுண்ணாம்பு திரும்பவும் திண்மமாகிக் கேத்தலின் அடியில் படிகிறது. கேத்தலில் இது நடக்க ஐந்து நிமிடம். சாடியில் தண்ணீர் மெதுவாக ஆவியாகும்போது நாள்கணக்கில் நடக்கிறது. சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைத் தோல் மாதிரிப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "உப்புப் பூத்திருக்கு" என்று சுரண்டிப் போடுவீர்கள். அதில் பெரும் பகுதி இந்தச் சுண்ணாம்புதான்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கிணற்றில் ஒரு லீற்றருக்கு 300 மில்லிகிராம் அளவில் இந்தச் சுண்ணாம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாடிக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் ஊற்றுகிறீர்கள். அரை லீற்றரில் 150 மில்லிகிராம். 365 நாளுக்கு ஏறக்குறைய 55 கிராம். ஒரு முட்டைக்கோது சுமார் 5 கிராம்தான். ஆக, நீங்கள் ஒன்றுமே போடாவிட்டாலும் வருடத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட முட்டைக்கோதை, அதுவும் நன்றாகக் கரைத்து, அந்தச் சாடிக்கு ஊட்டுகிறீர்கள். கொஞ்சம் அடித்துவாரத்தால் வெளியே போகும். தளம் நனையக் கூடாது என்று அடியில் தட்டு வைத்து, வடிந்த தண்ணீரையும் மண் திரும்ப உறிஞ்ச விடுகிறவர்களின் சாடியில் அதுவும் போகாது.

"அப்படியென்றால் முற்றத்தில் நிற்கிற குரோட்டனுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே ஊற்றுகிறோம், அது பச்சையாக நிற்கிறதே?" நல்ல கேள்வி. பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முற்றத்துச் செடிக்கு மாரியில் மழை பெய்கிறது. சுத்தமான மழைத் தண்ணீரின் பீஎச் ஏறக்குறைய 5.6. அது மண்ணைக் கழுவிவிடுகிறது. வேரும் தூரம் போய்த் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்கிறது. வீட்டுக்குள் இருக்கும் சாடி வாழ்நாளில் ஒரு துளி மழையைக் காண்பதில்லை. அதன் உலகம் ஒரு வாளி மண்ணும் உங்கள் கிணறும் மட்டுமே.

பீஎச் ஏறினால் இலை ஏன் மஞ்சளாகிறது? இரும்பு. பச்சையத்தை உண்டாக்கச் செடிக்கு இரும்பு வேண்டும். மண்ணில் இரும்பு இருந்தாலும், பீஎச் 7ஐத் தாண்டி மேலே போகப் போக அது கரையாத வடிவமாகி வேருக்குக் கிடைக்கும் அளவு பல மடங்கு குறைகிறது. மங்கனீசு, நாகம் இரண்டும் அப்படித்தான். சோறு நிறைந்த சஹனைப் பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளை பசியில் அழுகிறது என்று இன்னொரு பூட்டுப் போடுகிறோம். அந்த இரண்டாவது பூட்டுத்தான் முட்டைக்கோது.

எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் அல்ல. இதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் பெரும்பாலும் இரும்புக் குறை. நமதூர் வீட்டுச் சாடிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

2. அடியிலுள்ள பழைய இலை முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் நைதரசன் குறை. பசளை போடாமல் விட்டிருப்பீர்கள்.

3. பழைய இலையில் நரம்புக்கிடையே மஞ்சள் என்றால் மக்னீசியம் குறை.

4. மண் எப்போதும் ஈரம், செடி சோர்ந்த மாதிரி, மஞ்சளும் உண்டு என்றால் தண்ணீர் கூடி வேர் அழுகுகிறது. இதற்கு எந்தத் தூளும் மருந்தல்ல. தண்ணீர் ஊற்றும் கையை நிறுத்துங்கள்.

5. இலை நுனி கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். களப்புக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் இது கூட.

ஐந்து நோய்க்கும் "முட்டைக்கோது போடுங்க" என்று ஒரே மருந்து சொல்பவரை நம்பாதீர்கள்.

இப்போது அந்த மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முட்டைக்கோது: ஏறக்குறைய முழுதும் கல்சியம் காபனேற்று. நமது கிணற்றில் உள்ள அதே பொருள். நல்லவேளையாக நொறுக்கிப் போட்டாலும் மிக மெதுவாகத்தான் கரையும் என்பதால் பலருடைய செடி தப்பித்திருக்கிறது. மாவாக அரைத்துப் போடுபவர்களின் செடிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

அடுப்புச் சாம்பல்: முட்டைக்கோதைவிட வேகமானது, ஆகவே ஆபத்தும் கூட. பீஎச்சைச் சட்டென்று தூக்கிவிடும்.

அப்பச்சோடா: இது சோடியம். பீஎச்சையும் ஏற்றும், மண்ணில் உப்பையும் சேர்க்கும். இதைப் பூச்சாடிக்குப் போடச் சொல்பவர் அதை அப்பத்துக்கு மட்டும் பாவிக்கட்டும்.

டொலமைற்: தென்னைக்கு மக்னீசியம் கொடுக்கப் போடுகிறார்கள். அது வேறு கதை. தோட்டத்துத் தென்னையின் கணக்கை அந்தூரியச் சாடிக்குக் கொண்டுவராதீர்கள்.

தேயிலைச் சக்கை: "தேயிலை புளிப்பு, மண்ணைப் புளிக்க வைக்கும்" என்று எதிர்ப்பக்க அணி ஒன்று சொல்கிறது. ஊறிய சக்கையில் மிஞ்சும் அமிலம் நமது கிணற்றின் சுண்ணாம்புக்கு முன்னால் ஒன்றுமில்லை. சீனியும் பாலும் கலந்த மிச்சத்தைக் கொட்டினால் எறும்பும் சின்ன ஈயும் வரும்.

வினாகிரி, தேசிக்காய்ச் சாறு: மண் காரம் என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே இதைத் தூக்கி ஊற்றுகிறார்கள். வினாகிரியின் பீஎச் 2.5 அளவு. அப்படியே ஊற்றினால் வேர் கருகும். புல் கொல்லவே சிலர் அதைப் பாவிக்கிறார்கள். தேசிக்காயின் சித்திரிக் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் சில நாளில் தின்று முடித்துவிடும். மண் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தேசிக்காய் விற்கிற விலைக்கு அதைக் குடிப்பது புத்திசாலித்தனம்.

"இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது" என்று சொல்பவர்களுக்கு: சுண்ணாம்புக்கல்லும் இயற்கைதான். கடல் தண்ணீரும் இயற்கைதான். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்திய காலத்தில் "இயற்கை" என்று பெயர் வைத்தால் எதையும் மண்ணில் கொட்டலாம் என்று ஒரு பழக்கம் நம்மிடம் வந்தது. தடை அந்த வருடமே நீங்கியது. பழக்கம் போகவில்லை.

"எங்க உம்மும்மா போட்டா, ரோசாச் செடி காடு மாதிரி வந்தது" என்பவர்களுக்கு: உம்மும்மாவின் ரோசா முற்றத்தில் நின்றது. மழை பெய்தது. மாட்டெருவும் போட்டார்கள். வளர்த்தது அவைதான். பெயர் வாங்கியது முட்டைக்கோது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் அளந்து பாருங்கள். இரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் பீஎச் தாள் கிடைக்கும். சாடியின் மேல் மண்ணை விலக்கி, நடுவிலிருந்து ஒரு பங்கு மண், இரண்டு பங்கு பெட்டரித் தண்ணீர். கலக்கி அரை மணித்தியாலம் வைத்து, தெளிந்த நீரில் தாளை நனைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். 7.5ஐத் தாண்டினால் பிரச்சினை என்னவென்று தெரிந்துவிட்டது. மண்ணில் குத்தினால் முள் ஆடும் மலிவுக் கருவிகள் ஒன்லைனில் விற்கின்றன. ஈரம், வெளிச்சம், பீஎச் மூன்றும் காட்டுமாம். அவை காட்டும் பீஎச்சை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

தாளும் வேண்டாமா? காய்ந்த சாடி மண் ஒரு கரண்டி எடுத்து இரண்டு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு குவிந்திருக்கிறது. வினாகிரிக்குச் சாடி விசயத்தில் உள்ள ஒரே வேலை இதுதான்.

இரண்டாவது, தண்ணீரை மாற்றுங்கள். மழைத் தண்ணீருக்கு மேலான மருந்தில்லை. பத்தடிக்குப் பத்தடி கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 200 லீற்றருக்கு மேல் கிடைக்கும். வீட்டுக்குள் பத்துச் சாடி வைத்திருப்பவருக்கு ஒரு பரல் மழைத் தண்ணீர் பல வாரம் போதும். கோடையில் பாதி மழை, பாதி கிணறு என்று கலந்து ஊற்றுங்கள். பரலை இறுக்கி மூடி, வாய்க்கு வலை கட்டுங்கள். நுளம்பு பெருகினால் செடிக்கு முன்னால் பிள்ளைக்கு டெங்கு வரும். பீஎச்ஐ வந்து வழக்குப் போட்டால் என் பதிவைக் காட்டாதீர்கள். சாடியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடுவதும் இதே குற்றம்தான்.

ஏசி உள்ள வீடு, கடை, அலுவலகங்களில் குழாயால் வடியும் தண்ணீர் காற்றிலிருந்து வந்த நீர். அதில் சுண்ணாம்பு இல்லை. குடிக்க உதவாது, சாடிக்கு நல்லது. சர்வீஸ் செய்த அன்று மட்டும் பிடிக்க வேண்டாம். கேத்தலில் கொதித்து ஆறி மிஞ்சிய தண்ணீரையும், அடியிலுள்ள படிவைக் கலக்காமல், மேலாக எடுத்து ஊற்றலாம். ஆனால் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டி விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, மண்ணை மாற்றுங்கள். தும்புத்தூள் நம்மைச் சுற்றி மலிவாகக் கிடைக்கிறது. இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை உள்ளது. நன்றாகக் கழுவி உப்பைப் போக்கி, தும்புத்தூள் இரண்டு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம். அதில் சிப்பி, சோகி நொறுங்கிக் கிடக்கிறது. அதுவும் சுண்ணாம்புதான். புதுச் சீமெந்துச் சாடி வாங்கினால் இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி விட்டுப் பிறகு நடுங்கள். புதுச் சீமெந்து சுண்ணாம்பைக் கசியவிடும்.

நான்காவது, இரும்புப் பசளை வாங்குபவர்கள் கவனியுங்கள். பொதுவாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை இரும்பு, காரம் ஏறிய சாடியில் நிலைக்காது. தண்ணீரைச் சரிசெய்யாமல் அதை வாங்குவது காசைக் கிணற்றில் போடுவது. காரத்தைத் தாங்கும் ஈடிடிஎச்ஏ வகை கிடைத்தால் மட்டும் பொதியில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் பாவியுங்கள்.

இதெல்லாம் முடியாதா? அப்போது ஊருக்கேற்ற செடியை வையுங்கள். கற்றாழை, பாம்புச் செடி இரண்டும் இந்தத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். அந்தூரியம்தான் வேண்டும் என்றால் அதற்குரிய தண்ணீரையும் கொடுங்கள்.

"ஒரு பூச்சாடிக்கு இவ்வளவு நீளப் பதிவா சேர்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

நமதூரில் வீட்டிலிருந்தபடியே செடி வளர்த்து விற்றுப் பிள்ளையின் டியூஷன் காசைக் கட்டும் தாய்மார் இருக்கிறார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அவர்கள் தொகை கூடியிருக்கிறது. வெளியே போய் உழைக்க வசதியில்லாத பெண்ணுக்கு விறாந்தையில் இருபது சாடி என்பது ஒரு கடை. அந்தக் கடை ஒரு பொய்யான பகிர்வால் ஒரு மாதத்தில் மஞ்சளாகிறது. பகிர்ந்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்.

அதைவிடப் பெரிய விசயம் பழக்கம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்று ஒரு கதை பரவியது. யாரும் சோதிக்கவில்லை. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக் கட்டி. பூச்சாடியையும் அந்தத் துயரத்தையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் இரண்டிலும் விரல் செய்யும் வேலை ஒன்றுதான்: பார்க்காமல் அழுத்துவது. சோதிக்காத செய்தி நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அனுபவித்த சமூகம் நாம். கொண்டுவரப்பட்ட செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள் என்று மார்க்கமும் நமக்குச் சொல்லியிருக்கிறது. அது பெரிய செய்திக்கு மட்டும், சின்னச் செய்திக்கு இல்லை என்று யார் சொன்னது? முட்டைக்கோதில் பழகாதவர் நெருப்பில் எப்படிப் பழகுவார்?

குழும நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். செடிக்கு மருந்து கேட்பவரிடம் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து? எந்த இலை மஞ்சள்? பீஎச் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் வராமல் யாரும் மருந்து சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வையுங்கள்.

சக விஞ்ஞான ஆசிரியர்களிடம்: பாசிச்சாயத்தாளைப் பரீட்சைக்கு மட்டும் வைத்திருக்காதீர்கள். பிள்ளைகளை ஆளுக்கொரு போத்தலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். செவ்வரத்தம் பூச்சாறு போதும். வினாகிரியில் ஒரு நிறம், அப்பச்சோடாக் கரைசலில் ஒரு நிறம், தங்கள் கிணற்றில் என்ன நிறம் என்று அவர்களே பார்க்கட்டும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மாவின் கையிலிருக்கும் முட்டைக்கோதைத் தடுத்தால், நாம் படிப்பித்த பாடம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மாரி மழைக்கு முன்னால் ஒரு பரலைக் கழுவிப் பீலிக்குக் கீழே வையுங்கள். மூடியோடு.

இதையும் சும்மா பகிராதீர்கள். வினாகிரிச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, உங்கள் சாடி மண் நுரைத்ததா இல்லையா என்று கீழே எழுதிவிட்டுப் பகிருங்கள். எந்தப் பகுதிக் கிணறு என்றும் குறிப்பிடுங்கள். நுரைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். எல்லாக் கிணறும் ஒரே மாதிரி இருக்காது. எந்தப் பக்கம் எப்படி என்று நமதூருக்கே ஒரு கணக்கு வரும். அது நமது கையால் பார்த்த கணக்காக இருக்கும்.

வஸ்ஸலாம்.